மாட்டிறைச்சி பீன்ஸ் சில்லி: கறி வெந்த பிறகும் பீன்ஸ் வேகாமல் நிற்பது ஏன்?

புது அடுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாட்டிறைச்சியும் உலர்ந்த சிவப்பு கிட்னி பீன்ஸும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கெட்டியாகச் சமைக்கும் சில்லியை வீட்டில் செய்து வருகிறேன். என்னிடம் உள்ள செய்முறை எளிமையானது. இரவு முழுவதும் ஊறிய பீன்ஸ், துண்டுகளாக வெட்டிய கறி, வெங்காயம், பூண்டு, டின் தக்காளி, மசாலாத் தூள்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றாகப் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்று மணி நேரம் சிறு தீயில் வைக்க வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், கறி நார்நாராகப் பிரிந்து வாயில் சக்கையாக இருக்கிறது. பீன்ஸோ மேல்தோல் சுருங்கி, கடித்தால் நடுவில் வெள்ளையாக மாவுமாவாக நிற்கிறது. மேலும் ஒரு மணி நேரம் விட்டாலும் பீன்ஸில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. சாறும் நீர்த்தே இருக்கிறது. அதன் மேல் சிவந்த எண்ணெய் மிதக்கிறது.

ஒரே பாத்திரத்தில், ஒரே தீயில் இருந்தும் கறி வெந்து பீன்ஸ் வேகாதது எதனால்? கறியைத் துண்டுகளாகப் போடுவது நல்லதா, கொத்துக்கறியாகப் போடுவது நல்லதா? செய்முறையில் சில்லி பவுடர் மூன்று மேசைக்கரண்டி என்று இருப்பதை அப்படியே நம்பலாமா? அடுப்பருகே நிற்க நேரமில்லாத நாட்களில் அனைத்தையும் பச்சையாகவே ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டுப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மெல்லிய தீ எழுதியது:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சுவையைப் பற்றியது அன்று, உடல்நலத்தைப் பற்றியது. வேகாத கிட்னி பீன்ஸை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. சிவப்பு கிட்னி பீன்ஸில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் மிக அதிகமாக இருக்கிறது. வேகாத பீன்ஸ் நான்கைந்து உள்ளே போனாலே, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டலும் வாந்தியும், அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரக்கூடும். தளதளவென்று கொதிக்கும் நீரில் இந்த நச்சு அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கரின் உள்ளே வெப்பம் பல நேரங்களில் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடான பீன்ஸ், சமைக்காத பீன்ஸைவிடவும் கூடுதலான நச்சுத்தன்மை கொண்டதாக மாறலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஆகவே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் நன்கு கொதிக்கவிட்ட பிறகே மற்ற வேலை. நச்சு அழிவதற்குப் பத்து நிமிடக் கொதி போதும் என்றாலும், பீன்ஸின் உட்பகுதி வரை சூடு சென்று சேர்வதை உறுதிசெய்ய முப்பது நிமிடம் கொதிக்கவிடுமாறு அந்த நிர்வாகம் பரிந்துரைக்கிறது. எப்படியும் வேக வேண்டிய பொருள்தானே. நானும் முப்பது நிமிடமே விடுகிறேன்.

இனி, பீன்ஸ் வேகாததற்குக் காரணம் தக்காளி. பீன்ஸின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வெந்நீரில் அது மெல்லக் கரைவதால்தான் பீன்ஸ் குழைகிறது. புளிப்புள்ள நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. கால்சியம் இருந்தால் அது இன்னும் இறுகுகிறது. டின்னில் வரும் தக்காளித் துண்டுகள் உருக்குலையாமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள் என்பதால், நீங்கள் முதல் நிமிடத்திலேயே புளிப்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் பீன்ஸை இறுக்கிவிடுகிறீர்கள். கறிக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அது தன் போக்கில் வெந்து, அதையும் தாண்டிப் போய்விடுகிறது. உங்கள் தண்ணீர் உப்புப் படியும் கடின நீராக இருந்தாலோ, பீன்ஸ் வாங்கி நெடுங்காலம் ஆகியிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். ஆண்டுக்கணக்கில் கிடந்த பீன்ஸை எதைச் செய்தும் முழுமையாகக் குழையவைக்க முடியாது.

எனவே பீன்ஸைத் தனியாக வேகவிடுங்கள். ஊறவைக்கும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 15 கிராம் உப்புச் சேருங்கள். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையாகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறிய பின் வடித்து, அலசி, புதிய தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து வேகவிடுங்கள். பீன்ஸின் வயதைப் பொறுத்து மொத்தம் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாத்திரத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். அத்தனையும் பல் படாமலே நசுங்கினால்தான் வெந்துவிட்டது என்று பொருள். அந்தப் பக்குவத்தில், கறி வெந்து முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது, இரண்டையும் சேருங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதிலுள்ள மாவுச்சத்துதான் பிறகு சாற்றைக் கெட்டியாக்கும்.

கடின நீர் என்றால் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

கனல் எழுதியது:

பீன்ஸைப் பற்றி மேலே உள்ளவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கறியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

கறி நார்நாராகி, சக்கையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி நேர்வதற்கு, கொழுப்பில்லாத தொடைக்கறியை வாங்கியிருப்பதோ, சிறு தீ என்று நினைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டதோ காரணமாக இருக்கலாம். நீண்ட நேரச் சமையலுக்கு ஏற்றது தோள்பகுதிக் கறி. அதில் தசைகளுக்கு இடையே ஓடும் வெள்ளைச் சவ்வுகளில் கொலாஜன் என்னும் புரதம் இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருக்கும்போது அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து, தசை நார்களைச் சுற்றி வழவழப்பாகப் படிகிறது. வெந்த கறி நமக்குச் சாறுள்ளதாகத் தோன்றுவதற்கு அதுவே முக்கியக் காரணம். கொலாஜன் குறைந்த கறியில் நார்கள் சுருங்கித் தண்ணீரை வெளியேற்றிவிடுகின்றன, அந்த இடத்தை நிரப்ப எதுவும் கிடைப்பதில்லை. தண்ணீரில் கிடக்கும் கறி எப்படி வறளும் என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றிலும் எவ்வளவு சாறு இருந்தாலும் சுருங்கிய நாருக்குள் அது திரும்பிப் போவதில்லை. ஆகவே கடைக்காரரிடம் தோள்கறியைக் கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள சவ்வையும் கொழுப்பையும் மொத்தமாக நீக்கச் சொல்லாதீர்கள். கால்தசையும் நன்றாக வரும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

அடுத்தது வறுப்பது. உங்கள் செய்முறையில் இந்தப் படியே இல்லை. சில்லிக்கு அடிப்படைச் சுவை இங்கிருந்துதான் வருகிறது. கறியை நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்புத் தடவி, ஈரத்தைத் துணியாலோ தாளாலோ ஒற்றி எடுங்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. வறுபட்ட மணமும் நிறமும் விரைவாக உருவாக அதற்கு 140 டிகிரியாவது வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் நன்கு காய்ந்த பிறகு, துண்டுகளுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, சில துண்டுகளாகப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். போட்டதும் சுரீர் என்ற ஓசை எழ வேண்டும். அது தணிந்து, பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கினால், கறி வறுபடவில்லை, தன் நீரிலேயே வேகிறது என்று அறியலாம். கிளறிக்கொண்டே இருக்காமல் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம் விட்டால், ஒட்டியிருந்த துண்டு தானாகவே விட்டுக்கொடுக்கும். நான் இரண்டு பக்கம் மட்டுமே வறுக்கிறேன். எல்லாப் பக்கமும் சிவக்க வைத்தால் உள்ளே வறண்டுவிடுகிறது. கடைசியில் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைத் தயவுசெய்து கழுவிவிடாதீர்கள். வெங்காயத்தை அதிலேயே போட்டு வதக்கினால், வெங்காயம் விடும் தண்ணீரில் அது கரைந்து மேலெழும்பும்.

துண்டா, கொத்துக்கறியா என்று கேட்டீர்கள். எனக்குத் துண்டுதான் பிடிக்கும், ஏனெனில் மூன்று மணி நேரச் சமையலுக்குப் பலன் அதில்தான் கிடைக்கிறது. கொத்துக்கறியில் செய்வதானால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ளதாகப் பார்த்து வாங்கி, பாத்திரத்தில் கனமான அடைபோல் பரப்பி, அடிப்பக்கம் நன்கு சிவந்த பிறகே உடைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதை மூன்று மணி நேரம் கொதிக்கவிடுவதால் நன்மை எதுவும் இல்லை.

சாற்றின் மேல் ஒன்றிரண்டு குமிழிகள் அவ்வப்போது வந்து உடையும் அளவே தீ இருக்க வேண்டும். அடுப்பில் அந்த அளவு நிற்காவிட்டால், மூடியைச் சிறிது விலக்கி வைத்து, 150 டிகிரியில் ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள். மேலே மிதக்கும் சிவந்த எண்ணெய் பிழையன்று. மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில் கரைபவை, ஆகவே அதில் பாதியை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைக் கலந்துவிடுங்கள்.

உலர் மிளகாய் எழுதியது:

மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. செய்முறை அமெரிக்க முறைப்படி எழுதப்பட்டதாக இருந்தால், அவர்கள் சொல்லும் பொடி வெறும் மிளகாய்த் தூள் அன்று. காரம் குறைந்த மிளகாயுடன் சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள் ஆகியவை கலந்த மசாலா அது. சில பொட்டலங்களில் உப்பும் சேர்ந்திருக்கும். அதே அளவுக்குக் காரமான தனி மிளகாய்த் தூளைப் போட்டால் யாராலும் வாயில் வைக்க முடியாது. கலவை கிடைக்காவிட்டால், காரமில்லாத பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, சீரகத்தூள் இரண்டு தேக்கரண்டி, ஆரிகனோ ஒரு தேக்கரண்டி, பூண்டுத்தூள் அரைத் தேக்கரண்டி, காரமான மிளகாய்த் தூள் கால் முதல் அரைத் தேக்கரண்டி என்று சேர்த்தால் ஏறத்தாழ அந்த மூன்று மேசைக்கரண்டி வந்துவிடும்.

முழு மிளகாய் கிடைக்குமானால் பொடியை மறந்துவிடுங்கள். ஆங்க்கோ நான்கு, குவாஹில்லோ மூன்று, சிபோட்லே ஒன்று என்பது ஒரு கிலோ கறிக்கு நான் போடும் அளவு. முதலாவது உலர்ந்த திராட்சையின் மணமும் இனிப்பும் கொண்டது, இரண்டாவது பளிச்சென்ற சிவப்பையும் மெல்லிய புளிப்பையும் தருவது, மூன்றாவது புகையில் உலர்த்திய ஹாலப்பீன்யோ. காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் வாணலியில் ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் அழுத்திச் சூடாக்குங்கள். மிளகாய் சற்று உப்பி மணம் எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும். கருத்துவிட்டால் குழம்பு முழுவதும் கசக்கும், எத்தனை சர்க்கரை போட்டாலும் அது போகாது. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து விழுதாக அரைத்து, வெங்காயம் வதங்கிய எண்ணெயில் சீரகத்தூளோடு சேர்த்துச் சில நிமிடங்கள் வதக்குங்கள். விழுது நிறம் ஆழ்ந்து, ஓரங்களில் எண்ணெய் பிரியத் தொடங்கும்போது கறியைத் திரும்பப் போடலாம். பச்சைத் தூளைத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் வாயிலேயே உணர்வீர்கள்.

ஓர் இடைக்குறிப்பு. டெக்சஸ்காரர் எவரேனும் இந்த உரையாடலைப் படித்தால், பீன்ஸ் சேர்ந்தது சில்லியே ஆகாது என்று சண்டைக்கு வருவார். சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் பெண்கள் இரவுகளில் விற்ற இந்த உணவு 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் நாடு முழுவதும் அறிமுகமானது. அதே 1890களில் வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் டெக்சஸில் ஆயத்தப் பொடியை விற்கத் தொடங்கிய பிறகு, எல்லா ஊர்ச் சமையலறைகளுக்கும் அது பரவியது. 1977இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியைத் தம் மாநிலத்தின் உணவாக அறிவித்தது. 1967இல் முதன்முதலாகச் சில்லிப் போட்டி நடந்த டெர்லிங்குவா என்ற டெக்சஸ் ஊரில் இன்றும் போட்டிப் பாத்திரத்தில் பீன்ஸ் போட அனுமதி இல்லை. எனக்குப் பீன்ஸ் பிடிக்கும், போடுகிறேன். ஆனால் அந்தப் பிடிவாதத்திலும் ஒரு பயன் இருக்கிறது. பீன்ஸே இல்லாமல் கறியும் மிளகாயும் மட்டுமே சுவையாக நிற்கும் குழம்பை முதலில் உருவாக்கிவிட்டால், பிறகு சேரும் பீன்ஸ் அந்தச் சுவையை உறிஞ்சிக்கொள்ளும். நீர்த்த குழம்பில் சேர்ந்தால் அந்த நீரைத்தான் உறிஞ்சும்.

புது அடுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஸ்லோ குக்கர் பற்றிய எச்சரிக்கையை வேறெங்கும் நான் படித்ததில்லை. இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. ஆறு பேருக்கு என்றால் அளவு எவ்வளவு? டின் பீன்ஸைப் பயன்படுத்தினாலும் தக்காளிக்கு அஞ்ச வேண்டுமா? மேலும், அரைவேக்காட்டுப் பீன்ஸோடு ஒரு பாத்திரம் சில்லி இப்போது குளிர்பெட்டியில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி உண்டா, கொட்டிவிடத்தான் வேண்டுமா?

குக்கர் விசில் எழுதியது:

டின் பீன்ஸ் என்றால் கதையே வேறு. அது டின்னுக்குள்ளேயே முழுமையாக வெந்து வருவது என்பதால் நச்சுக்கும் அஞ்ச வேண்டாம், தக்காளிக்கும் அஞ்ச வேண்டாம். மெல்லிய தீ சொன்ன அதே புளிப்பு இங்கே நமக்குத் துணையாகிறது; ஏற்கெனவே குழைந்த பீன்ஸ் குழம்பில் கரைந்து போகாமல் அது பிடித்து வைக்கிறது. தக்காளியைத் தொடக்கத்திலேயே போட்டு, பீன்ஸை வடித்து அலசிக் கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள். உலர்ந்த பீன்ஸ்தான் உயர்ந்தது என்ற எண்ணம் எனக்கு இல்லை. இவ்வளவு மசாலா உள்ள உணவில் டின் பீன்ஸ் போட்டதைக் கண்டுபிடிப்பவர் அரிது. ஸ்லோ குக்கரில் சமைக்கும் நாளுக்கு அதுவே பாதுகாப்பானதும்கூட.

ஆறு பேருக்குத் தோள்கறி ஒரு கிலோ, உலர்ந்த பீன்ஸ் 250 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், 400 கிராம் தக்காளி டின் ஒன்று, எலும்புச் சாறோ பீன்ஸ் வெந்த நீரோ அரை லிட்டர். 250 கிராம் உலர்ந்த பீன்ஸ் வெந்தால் ஏறத்தாழ 600 கிராம் ஆகும்; 400 கிராம் டின்னை வடித்தால் சுமார் 240 கிராம் தேறும். ஆகவே இரண்டு அல்லது மூன்று டின் போதும். கறி மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். துண்டுகளின் தலை சற்று வெளியே தெரிய வேண்டும், ஏனெனில் கறியும் தன் பங்குக்கு நீர் விடும். அப்படியும் நீர்த்திருந்தால் ஒரு கரண்டி பீன்ஸை எடுத்து மசித்துக் கலந்து, கடைசி இருபது நிமிடம் மூடியில்லாமல் விடுங்கள். மாசா ஹரினா என்னும் மக்காச்சோள மாவு கிடைத்தால் இரண்டு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றலாம். உப்பின் அளவைச் சாறு வற்றிய பிறகே முடிவு செய்யுங்கள். இறக்கும்போது எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி விட்டால் மந்தமான சுவை எழும்பும்.

அன்றே தீராதது இருந்தால் பெரிய பாத்திரத்திலேயே ஆறவிடாதீர்கள். கெட்டியான குழம்பின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; சமையலில் சாகாத குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்துப் பெருக அதுவே போதும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாட்கள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வரும்வரை சூடாக்க வேண்டும்.

உங்கள் குளிர்பெட்டியில் இருப்பதும் அந்த நாள் கணக்குக்குள்தான் என்றால் காப்பாற்றலாம். உறைந்திருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, கறித் துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். மீதிக் குழம்பையும் பீன்ஸையும் பிரஷர் குக்கரில் ஊற்றி, கெட்டியாக இருந்தால் அடிபிடிக்காத அளவுக்குத் தண்ணீர் கலந்து, கால் தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். புளிப்போடு சேர்ந்து அது நுரைத்தெழும் என்பதால், நுரை அடங்கிய பிறகே மூடவும், பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். குக்கருக்குள் வெப்பம் 115 டிகிரியைத் தாண்டும் என்பதால் தக்காளி இருந்தும் பீன்ஸ் பெரும்பாலும் குழைந்துவிடும், நச்சும் மிஞ்சாது. ஐந்தாறு எடுத்து அழுத்திப் பாருங்கள். இன்னும் மாவாக இருந்தால் மேலும் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம், அதற்கும் அசையாவிட்டால் பீன்ஸ் மிகப் பழையது, அதை வடித்தெடுத்துக் கொட்டிவிட்டு டின் பீன்ஸைச் சேர்த்துவிடுங்கள். பீன்ஸ் வெந்த பிறகு மூடியைத் திறந்து வைத்துச் சாற்றை வற்றவிட்டு, புளிப்புக் குறைந்திருந்தால் எலுமிச்சை விட்டுச் சரிசெய்து, இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கறியைப் போடுங்கள்.